கூலிப் பணத்தில் எழுந்த விகாரைகள்

தமிழ்ப் பௌத்தத்தின் கதையை நம் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கின்றன. காஞ்சியும் பூம்புகாரும் வரும், மணிமேகலை வரும், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் வரும். பிறகு பக்தி இயக்கத்தின் வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனதாக ஒரு வரி. அங்கிருந்து ஒரே தாவலில் 1956 அக்டோபர் 14, நாக்பூர், அம்பேத்கர். இடைப்பட்ட காலத்தில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாதது போல. உண்மையில் அந்த இடைவெளியின் கடைசிப் பகுதியில், தமிழர்கள் தாங்களே சங்கம் வைத்து, தாங்களே சந்தா கட்டி, புத்தருக்குக் கூடம் எழுப்பி வணங்கிய ஒரு காலம் இருக்கிறது. அது காவிரிப் படுகையில் தழைக்கவில்லை. சென்னை இராயப்பேட்டையில் முளைவிட்டு, ரயில் பாதையோடு மேற்கே ஏறி, பெங்களூர்த் தண்டிலும் கோலார் தங்கவயலிலும் வேர் பிடித்தது. தண்டு என்று தமிழர்கள் சொன்ன அந்த ராணுவக் குடியிருப்பின் நெரிசலான நடுப்பகுதிதான் அன்றைய பிளாக்பள்ளி, இன்றைய சிவாஜிநகர். பழைய பௌத்தத் தலம் எதிலும் நடக்காதது இங்கே ஏன் நடந்தது என்பதுதான் கேள்வி. விகாரை எங்கே நிற்கும், எவ்வளவு காலம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது ஊரின் பழம்பெருமை அன்று, அதற்குச் சோறு போடுபவர் யார் என்பதே என்று கொண்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கத் தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் மாகாணம் வசதியானது. இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டையொட்டி நடத்திய கடற்படையெடுப்பில் வென்ற ஊர்ப்பட்டியலில் மாதமாலிங்கம் என்று வருவது அந்த வட்டாரத்துத் தாம்பிரலிங்க அரசுதான் என்பது ஆய்வாளர்கள் கொள்ளும் முடிவு. அரசுகள் மாறின, தலைநகரங்கள் மாறின, அந்த ஊர் சயாமின் ஆட்சிக்குள் போனது. ஆனால் அங்குள்ள மகாதாது கோயிலின் இலங்கைப் பாணித் தூபி இன்றும் நடப்பு வழிபாட்டில் இருக்கிறது. ஆண்டுதோறும் மாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாக பூசை நாளில், ஊர் மக்கள் நீளமான துணியைத் தலைக்கு மேல் தூக்கிச் சென்று அந்தத் தூபியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். பிட்சுவின் பாத்திரத்தில் காலையில் விழும் சோறு அரண்மனையிலிருந்து வருவதில்லை, தெருவிலிருந்து வருகிறது. அதே தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவா பா என்ற இடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் காக்க வேண்டும் என்கிறது அது. வணிகர் குழுவும் படைக் குடியிருப்பில் வாழ்ந்தோரும் சேர்ந்து ஒரு பொதுச் சொத்துக்குக் காவல் நின்றார்கள். வணிகமும் படையும் போன பிறகு அந்தக் குளத்தைக் கேட்பாரில்லை. கல் மட்டும் மிஞ்சியது. ஒரே கடற்கரை நாட்டில் இரண்டு வகை அறம்: ஒன்றை ஊர் ஊட்டியது, மற்றொன்றை வந்துபோனவர்கள் ஊட்டினார்கள்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் இரண்டாம் வகை. அதைக் கட்டுவித்தவர்கள் ஸ்ரீவிஜய நாட்டுச் சைலேந்திர அரசர்கள். அதற்குச் சோறு போட ஏற்பாடு செய்தவன் முதலாம் இராசராசன். தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விகாரத்துக்குக் கொடுத்தான். இன்று லெய்டன் செப்பேடுகள் என்று வழங்கும் 21 ஏடுகளில் அந்தக் கணக்கு இருக்கிறது: 97 வேலி நிலம், ஆண்டுக்கு 8,943 கலத்துக்குச் சற்று மேல் நெல். பௌத்தம் தமிழ் மண்ணில் எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதற்குச் சான்றாக இதை மேடைகளில் சொல்வோம். ஆனால் கணக்கை உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். அந்த நெல்லை விளைவித்த ஆனைமங்கலத்து உழுகுடிக்கும் விகாரத்துப் புத்தருக்கும் நடுவே இருந்தது வரி மட்டுமே. உழுதவனிடம் இது யாருடைய கோயில் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சோழப் பேரரசும் கடல் வணிகமும் தளர்ந்ததும் விகாரம் மெல்லத் தனித்துப்போனது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பல் உடைந்து நாகையில் கரையேறிய பர்மியப் பிட்சுகள், பழைய விகாரம் இருந்த இடத்தைத் தேடிப் போய்க் கும்பிட்டதைப் பெகுவின் கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. அவர்கள் கும்பிட்டது நினைவை. மிச்சமிருந்த உயரமான செங்கல் கோபுரத்தை 1846இல் வால்டர் எலியட் பார்த்து வரைந்து வைத்தார். 1867இல் அரசின் அனுமதியோடு இயேசு சபையார் தங்கள் கல்லூரிக் கட்டடத்துக்காக அதை இடித்தார்கள். ஊரில் அதற்காகப் பெரிய கலகம் எதுவும் எழவில்லை. தன் சோற்றில் வளராத கோயிலுக்காக ஊர் தெருவில் இறங்குவதில்லை.

பெங்களூர்ப் பக்கமும் பௌத்தத்துக்குப் புதிதில்லை. தொட்டபள்ளாபுரம் வட்டத்தில் ராஜகட்டா என்ற சிற்றூரில் மைசூர்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை 2001இல் ஒரு மேட்டைத் தோண்டியபோது, ஏறத்தாழ 1,500 ஆண்டு பழைய சைத்தியமும் பிட்சுகளின் அறைகளும் வெளிப்பட்டன. கூடவே களிமண்ணில் செய்த சிறு சிறு தூபிகள், முத்திரை பதித்த மண்வில்லைகள் ஏராளமாகக் கிடைத்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் நேர்த்திப் பொருள்கள் அவை. பொன் கொடுக்க வசதியில்லாதவரும் மண் கொடுக்கலாம். தென் தாய்லாந்தின் குகைகளிலும் இந்த வகை மண்வில்லைகள் குவியலாக அகப்பட்டிருக்கின்றன. ஆனால் ராஜகட்டாவுக்கும் 19ஆம் நூற்றாண்டுத் தண்டுக்கும் தொடர்ச்சி இருந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. இந்த மண்ணிலேயே பௌத்தம் ஊறியிருந்தது, அதனால்தான் மீண்டும் முளைத்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் வந்த தமிழர்களுக்கு ராஜகட்டா பற்றித் தெரியாது. அதைப் பற்றி அன்று யாருக்குமே தெரியாது.

அவர்கள் வந்த காரணம் வேறு. பிரிட்டிஷ் படை 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருக்கு வந்தது. படையோடு சமையற்காரர், பட்லர், ஆயா, குதிரைக்காரர், புல் அறுப்பவர், கொத்தனார், சலவைக்காரர் என்று ஒரு தமிழ்க் கூட்டமே வந்தது. 1864 ஆகஸ்டில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு ஸ்டேஷன் வரை ரயில் ஓடத் தொடங்கியதும் வட ஆற்காடு ஒரு நாள் பயணத்துக்குள் வந்துவிட்டது. 1881இல் மைசூர் சமஸ்தானம் உடையார்களிடம் திரும்பிப் போனபோதும் தண்டு மட்டும் ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் பிரிட்டிஷார் கையிலேயே 1947 வரை இருந்தது. இங்கே வந்த தாழ்த்தப்பட்ட சாதியாருக்கு இதனால் கிடைத்தவை இரண்டு. ஒன்று, மாதக் கடைசியில் கையில் விழும் காசு. இரண்டாவது, ஊர்–சேரி என்ற கோட்டைக் காவல்காக்கும் மிராசுதார் பக்கத்தில் இல்லை. சாதி தண்டில் ஒழிந்துவிடவில்லை. வீடு கொடுப்பதிலும் தண்ணீர் பிடிப்பதிலும் அது இருந்தது. ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சங்கம் நடத்தினால் அதைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. தஞ்சை வட்டாரத்துப் பண்ணையாளுக்கு இந்த இரண்டில் ஒன்றுகூடக் கிடையாது. சூடாமணி விகாரம் நின்ற மண்ணில் புதிய பௌத்தம் எழாததற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பண்டிதர் அயோத்திதாசர் வந்ததும் இந்த உலகத்திலிருந்துதான். 1845இல் சென்னையில் பிறந்து நீலகிரியில் வளர்ந்த சித்த மருத்துவர் அவர். தம் பாட்டனார் கந்தப்பன் ஆங்கில அதிகாரி வீட்டில் பட்லராக இருந்தவர் என்றும், குடும்பத்திலிருந்த திருக்குறள் சுவடியை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தவர் என்றும் அவரே எழுதியிருக்கிறார். பட்லர் வீட்டில் ஓலைச்சுவடி இருந்தது என்பதைக் கேட்டு வியப்பவர்கள் தண்டுகளின் சமூக வரலாற்றை அறியாதவர்கள். 1898இல் தியோசாபிகல் சங்கத்துக் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு கொழும்பு சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19ஆம் தேதி, ஒரு புதன்கிழமை, ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. சங்கத்தின் கிளைகள் இருந்த இடங்களைப் பாருங்கள்: பெங்களூர், தங்கவயலின் மாரிக்குப்பம், திருப்பத்தூர், வேலூர், ஹூப்ளி, செகந்திராபாத், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால். ரயில் சந்திப்பு, ராணுவத் தண்டு, சுரங்கம், துறைமுகம், கரும்புத் தோட்டம். தலபுராணம் உள்ள ஊர் ஒன்றுகூட இதில் இல்லை.

தங்கவயலில் இது எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கியது. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு 1894இல் ரயில் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களுக்கு அது போய்ச் சேர்ந்தது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட தமிழர்கள். லயன் வீடு, ஷிப்டு, பாறை வெடிப்பு, நுரையீரலில் சிலிக்காத் தூசி என்று அந்த வாழ்க்கை கொடியதுதான். அதைப் பொற்காலமாக்கிக் காட்ட நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஷிப்டு வேலைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. அந்த ஓய்வு நேரத்தில்தான் சங்கக் கூட்டங்கள் நடந்தன: பஞ்சசீலம் சொல்லி, புத்தர் படத்துக்கு மலரிட்டு, ஒருவர் ‘தமிழன்’ இதழை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். காலணா விலையுள்ள ஓர் இதழ், எழுத்தறியாத எத்தனையோ பேருக்கு இப்படிப் போய்ச் சேர்ந்தது. பிட்சுகள் எப்போதாவது வந்துபோனார்களே தவிர நிரந்தரமாகத் தங்கியிருக்கவில்லை. கல்யாணம், பெயர் வைத்தல், சாவுச் சடங்கு எல்லாவற்றையும் இல்லறத்தாரே நடத்தினார்கள். மாரிக்குப்பத்து எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் தலைமை தாங்கினார்கள். சித்தார்த்த புத்தகசாலை தங்கவயலிலிருந்தே நூல்களை அச்சிட்டது. நக்கோன் சி தம்மராட்டில் பிட்சுவுக்கு ஊர் சோறு போட்டது. இங்கே பிட்சுவின் வேலையையே ஊர் எடுத்துக்கொண்டது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, இது தியோசாபிக்காரர்களின் கைவேலை என்பது. ஆல்காட் இல்லாமல் 1898 கொழும்புப் பயணம் நடந்திருக்காது, அது மெய்தான். அவர் ஏற்கெனவே பஞ்சமர் பள்ளிகளை நடத்திவந்தவர், இலங்கைப் பௌத்தர்களோடு நெருக்கமானவர். ஆனால் அவர் 1907 பிப்ரவரியில் இறந்துவிட்டார். ‘தமிழன்’ வந்ததும் மைசூர்ப் பக்கத்துக் கிளைகள் வலுப்பெற்றதும் அதற்குப் பிறகு. அடையாற்றுத் தியோசாபியைப் பிற்பாடு கடுமையாக விமரிசித்து எழுதியவரும் அயோத்திதாசரே. விதைநெல் கடன் கொடுத்தவர் விளைச்சலுக்கு உரிமை கொண்டாட முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. தண்டுத் தமிழர்களுக்கு வெளியேறும் வழி ஏற்கெனவே இருந்ததே, கிறித்தவம்? பிளாக்பள்ளியில் அபே துபுவா காலத்திலிருந்து மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருந்தது. இன்று சிவாஜிநகரில் நிற்கும் கோதிக் பாணி மரியன்னைப் பேராலயம் 1882இல் எழுந்தது. செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் கொடி ஏறினால் எல்லா மதத்தாரும் கூடுகிறார்கள். அப்படியிருக்க இன்னொரு மதம் எதற்கு? பலர் அந்த வழியில் போனார்கள், அதில் அவர்களுக்கு மருத்துவமனையும் பள்ளியும் கிடைத்தன. ஆனால் தமிழ்த் திருச்சபைகளுக்குள் சாதி வாரியாக இருக்கை பிரித்ததும் கல்லறை பிரித்ததும் அன்றைக்கு எல்லோரும் அறிந்த செய்தி. அதைவிட முக்கியம், கோயிலின் சாவி யாரிடம் என்பது. மிஷன் கோயிலின் சாவி பாதிரியாரிடம். மாரியம்மன் கோயிலின் சாவி தர்மகர்த்தாவிடம். சங்கக் கூடத்தின் சாவி, சந்தா கட்டியவரிடம். சிறுபான்மையிலும் சிறுபான்மையாக ஒரு கூட்டம் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது. மற்ற இரண்டைவிட அது உயர்ந்தது என்று நிறுவ வேண்டிய தேவை இல்லை. அப்படியொரு தேர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இடம் தண்டு என்பதே இங்கே பேச்சு.

மூன்றாவது, அயோத்திதாசர் எழுதிய வரலாறு வரலாறே அன்று என்ற குற்றச்சாட்டு. பறையர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தர்கள். வேஷ பிராமணர்கள் வந்து அவர்களைக் கீழே தள்ளினார்கள். தீபாவளி, நரகாசுரனுக்காக வந்த பண்டிகை அன்று, பௌத்தர்கள் எள் நெய்யைக் கண்டறிந்த நாள். ‘இந்திரர் தேச சரித்திரம்’ முழுக்க இப்படித்தான் போகும். கல்வெட்டு, அகழாய்வு ஆதாரம் கேட்டால் இவற்றில் பெரும்பகுதி நிற்காது. நிற்கும் என்று இன்று வாதாடுபவர்கள் அவருக்கு நன்மை செய்வதாக நான் நினைக்கவில்லை. அவர் காலத்திலேயே பௌத்தர்களுக்குள் இதற்கு எதிர்ப்பு இருந்தது. ‘தி எசன்ஸ் ஆஃப் புத்திசம்’ என்ற நூலை 1907இல் வெளியிட்ட பேராசிரியர் பொ. லட்சுமிநரசுவும், பிற்பாடு பொதுவுடைமை இயக்கத்துக்குப் போன ம. சிங்காரவேலரும் பௌத்தத்தைப் பகுத்தறிவின் பக்கமாக வைத்துப் பேசினார்கள். பிறப்பை வைத்துப் பௌத்தனாவது அவர்களுக்கு ஒவ்வாதது. ஆனால் நம் கேள்வி பூர்வ பௌத்தம் உண்மையா என்பதன்று. ராஜகட்டாவைப் பற்றி ஒன்றும் அறியாமல், நாகைக் கோபுரம் தரைமட்டமான பிறகு, சுரங்கத் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு முன்னோர் கதையை எடுத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தைக் கட்டினார்கள். கதை நிறுவனத்துக்குப் பயன்பட்டது. எந்தக் கோயிலின் தலபுராணம் இதைவிட வேறு வேலை செய்திருக்கிறது?

எண்ணிக்கையை வைத்து இதை ஒதுக்குபவர்களும் உண்டு. 1911 குடிக்கணக்கில் மைசூர் சமஸ்தானத்துப் பௌத்தர்கள் சில நூறு பேருக்கு மேல் இல்லை. கணக்கெடுப்பவரிடம் பௌத்தர் என்று பதிவு செய்யத் துணிந்தவர்கள் அவ்வளவு பேர். கூட்டத்துக்கு வந்து கேட்டவர்கள் அதைவிட அதிகம் என்று கொள்ளலாம். ஆனாலும் அது சிறிய இயக்கம்தான், சுருக்கமாக ஒப்புக்கொண்டுவிடலாம். சிறிய இயக்கம் நீண்ட தூரம் போயிருக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அயோத்திதாசர் 1914 மே மாதம் மறைந்து, இதழும் விரைவில் நின்றுபோன பிறகு, 1926இல் அதை மீண்டும் உயிர்ப்பித்தது சென்னை அன்று, தங்கவயல், ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து 1934 வரை ‘தமிழன்’ நடத்தினார். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கும் தங்கவயல் பௌத்தர்களுக்கும் இடையே ஆள் போக்குவரத்தும் கருத்துப் போக்குவரத்தும் இருந்த காலம் அது. லட்சுமிநரசுவின் நூல் 1948இல் மறுபதிப்பாக வந்தபோது முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். 1954இல் அவரே தங்கவயலுக்கு வந்தார். நாக்பூர் தீட்சைக்கு முன் தமிழ்நாட்டிலும் மைசூரிலும் அரை நூற்றாண்டு இல்லறப் பௌத்தம் நடைமுறையில் இருந்தது என்பதை அவர் அறிந்தே இருந்தார். நம் பாடப் புத்தகங்கள்தான் அறியவில்லை.

ஏன் தேய்ந்தது என்பதற்கும் முதலில் சொன்ன அளவுகோலே போதும். 1940களில் சுரங்கத்தில் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கம் வலுத்தது. ஒரு குடும்பத்தின் சந்தா எத்தனை சங்கங்களுக்குப் போகும்? அதன்பின் குடியரசுக் கட்சி அரசியல் வந்தது, திராவிட அரசியல் வந்தது. சிறந்த பேச்சாளர்கள் அங்கே போனார்கள். பட்டியல் சாதியார் பௌத்தராக மாறினால் இடஒதுக்கீடு உண்டா என்ற நிச்சயமின்மை 1990இல் சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. வேலைக்கு மனுப் போடும் மகனை வைத்திருக்கும் தகப்பன் சான்றிதழில் என்ன எழுதுவான்? 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தையே மூடினார்கள். லயன் வீட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய்த் திரும்புபவர்கள் ஆனார்கள். கூடிப் படிக்க நேரமும் இல்லை, கூடத்துக்குக் கொடுக்கக் காசும் இல்லை. ஆனைமங்கலத்து நெல் நின்றபோது நாகைக்கு நேர்ந்தது, கூலி நின்றபோது தங்கவயலுக்கு நேர்ந்தது. ஒரே ஒரு வேறுபாடு: இங்கே கொடுத்தவர்களும் கும்பிட்டவர்களும் ஒருவரே என்பதால், வருமானம் போன பிறகும் நினைவு வெளியூர்ப் பயணிகளிடம் ஒப்படைக்கப்படவில்லை, குடும்பங்களுக்குள் தங்கியது.

பெங்களூர் நகரத்தில் இன்று பௌத்தம் என்றால் காந்திநகரில் 1956இல் ஆச்சாரிய புத்தரக்கித தேரர் தொடங்கிய மகாபோதி சங்கத்தைத்தான் பலரும் காட்டுவார்கள். இம்பாலில் பிறந்த துறவி, முறையான சங்க மரபு, பாலி நூல்கள், தியானம், மருத்துவமனை என்று அதன் வழி வேறு. அதன் பணி பெரியது. சிவாஜிநகரிலிருந்து அது தொலைவில் இல்லை. ஆனாலும் நகரத்தின் பௌத்த வரலாறு அங்கிருந்து தொடங்குவதாக எழுதினால் தண்டிலும் சுரங்கத்திலும் நடந்த ஐம்பது ஆண்டு வேலை மறைந்துபோகும். அந்த வேலையை அறிய இன்று முதன்மையான வழி, அதன் அச்சுக் காகிதங்கள். கிளைகளின் கூட்ட அறிக்கைகளும் கேள்வி பதில்களுமாய் ‘தமிழன்’ இதழில் சிதறிக்கிடந்த அயோத்திதாசர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் நூலாக வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம். அது இயேசு சபையாரின் கல்லூரி. நாகைக் கோபுரத்தை 1867இல் இடித்த அதே சபை.